வேலிக்கு அங்கால் இருக்கிற சாமி

“வேதக்காரர் கோயிலுக்குள்ளே இரத்தம் குடிக்கினமாம்.” “சைவக்காரர் கல்லுக்குச் சோறு தீத்துகினம்.” “சபைக்குப் போறவள் தாய் செத்தாலும் வாய்க்கரிசி போடமாட்டாள்.” “சோனக ஆக்கள் புருசன் செத்தால் பொம்பிளையை அறைக்குள்ளே பூட்டி வைப்பினம்.”

இவை அச்சுவேலியில் கிணற்றடியிலும் சங்கக்கடை வரிசையிலும் நான் கேட்ட கதைகள். சொன்னவர்கள் பொல்லாதவர்கள் அல்லர். பக்கத்து வீட்டில் இழவு விழுந்தால் முதல் ஆளாகத் தேத்தண்ணிக் கேத்திலோடு போய் நிற்பவர்களும் இவர்களே. மற்றவருடைய துன்பம் இவர்களுக்கு விளங்குகிறது. மற்றவருடைய சாமி மட்டும் விளங்குவதில்லை. ஏன் என்று பல காலமாக யோசித்திருக்கிறேன். சாமி வீட்டுக்குள்ளே இருக்கிறது, நாம் வேலிக்கு மேலால் எட்டிப் பார்க்கிறோம். எட்டிப் பார்க்கிறவருக்குக் கும்பிடுகிற கை தெரியும். எதற்காகக் கும்பிடுகிறாள் என்பது தெரியாது.

எங்கள் ஊர் வலிகாமம் கிழக்கில், தொண்டைமானாற்றுக்குப் போகும் வழியில் இருக்கிறது. புகையிலையும் வெங்காயமும் விளைகிற தோட்டங்கள். சைவர்களும் கத்தோலிக்கரும் புரட்டஸ்தாந்தரும் ஒரே ஒழுங்கையில் குடியிருப்பது இங்கே புதினமல்ல. புனித திரேசா மகளிர் கல்லூரியில் சைவப் பிள்ளைகளும் படித்து வந்திருக்கிறார்கள். ஒரு பக்கம் காண்டாமணி கேட்கும், மறு பக்கம் பூசைக்கு மணி அடிக்கும். இவ்வளவு கிட்ட இருந்தும் ஒருவர் கோயிலுக்குள் மற்றவர் போய் “இது என்ன, ஏன் செய்கிறீர்கள்” என்று கேட்பது மிகக் குறைவு.

1995 ஒக்ரோபரில் இராணுவம் பலாலிப் பக்கமிருந்து எங்கள் ஊருக்கூடாக முன்னேறியபோது எல்லோரும் ஒன்றாகத்தான் ஓடினோம். மாத முடிவில் வலிகாமமே தென்மராட்சிக்குப் பெயர்ந்தது. யாருடைய கோயில் மண்டபம் என்று கேட்டு எவரும் பாய் விரிக்கவில்லை. அதே ஆண்டு யூலை 9ஆம் திகதி நவாலியில் சென். பீற்றர்ஸ் தேவாலயத்திலும் அயலிலிருந்த முருகன் கோயிலிலும் தஞ்சமடைந்திருந்த சனங்கள் மீது விமானக் குண்டுகள் விழுந்து நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். நிழலும் கூரையும் கண்ட இடத்தில் ஒதுங்கிய சனம் அது. ஓட்டம் நின்று வீடு திரும்பிய பிறகுதான் நாங்கள் வேலியை மறுபடியும் அடைத்துக்கொண்டோம்.

என்னுடைய கதையையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். என் கணவர் 1996இல், நாங்கள் ஊர் திரும்பிய சில மாதங்களில், சைக்கிளில் வெளியே போனவர். அந்த ஆண்டு குடாநாட்டில் காணாமற்போன நூற்றுக்கணக்கானோரில் அவரும் ஒருவர். இன்றைக்கும் நான் குங்குமப் பொட்டு வைக்கிறேன். இந்தப் பொட்டுக்குக் கிடைத்த தீர்ப்புகளைக் கேளுங்கள். சொந்தத்தில் ஒரு மாமி, “இத்தனை வருசமாச்சு, இனியும் பொட்டு வைக்கிறது சாத்திரத்துக்கு அடுக்காது” என்றார். சபையிலிருந்து வீடு வீடாக வந்த ஒருவர், அது பேயின் அடையாளம் என்றார். வெளியூரிலிருந்து பெண்கள் உரிமை பற்றிப் பயிற்சி கொடுக்க வந்த ஒரு படித்த பெண், “உது அடிமைத்தனம், நீங்கள் விடுபட வேண்டும்” என்றார். மூவரும் என் நன்மைக்கென்றுதான் சொன்னார்கள். ஏன் வைக்கிறாய் என்று மூவரில் ஒருவரும் கேட்கவில்லை. மரணச் சான்றிதழ் எடுத்தால் நட்டஈடு கிடைக்கும் என்று ஓர் அலுவலர் படிவத்தை நீட்டியபோது நான் போடாத கையெழுத்துத்தான் இந்தப் பொட்டு. அதில் சாத்திரமும் இல்லை, பேயும் இல்லை.

முன்வீட்டில் ஒரு கத்தோலிக்க அக்கா இருக்கிறா. அவவின் மகன் 2009இல் வன்னியில் காணாமற்போனவன். கார்த்திகை மாதம் 2ஆம் திகதி இறந்த ஆன்மாக்களின் திருநாளில் சேமக்காலையில் மெழுகுதிரி கொளுத்தப் போவா. தாய் தகப்பனுக்குக் கொளுத்துவா, புருசனுக்குக் கொளுத்துவா, மகனுக்குக் கொளுத்தமாட்டா. இறந்தவர்களுக்காகப் பூசைக்குக் கொடுக்கும் பெயர்களில் அவனுடைய பெயர் இராது. வேறொரு நாளில், சுகமாகத் திரும்பி வரவேண்டும் என்று தனிப் பூசை ஒப்புக்கொடுப்பா. அவவுடைய ஆட்களிலேயே சிலர் இதை நம்பிக்கைக் குறைவு என்கிறார்கள். அவவுடைய மெழுகுதிரியையும் என்னுடைய பொட்டையும் பற்றி நாங்கள் இருவரும் ஒரு நாளும் விளக்கம் கேட்டுக்கொண்டதில்லை; தேவைப்படவில்லை. ஆனால் மற்ற விடயங்களைப் பற்றி நிறையக் கேட்டிருக்கிறோம். இரண்டு பேரும் வெங்காயத் தாள் அரிகிற பின்னேரங்களில், வேலிப் பொட்டுக்கால் போய்வந்து கதைத்த கதைகள் அவை.

இரத்தம் குடிக்கிற கதையை நான் நேரே கேட்டேன். அக்கா சிரித்தா. தாம் இறப்பதற்கு முதல் நாள் இரவு யேசு தம்முடைய சீடர்களோடு உணவருந்தும்போது அப்பத்தைத் தம்முடைய உடலென்றும் இரசத்தைத் தம்முடைய இரத்தமென்றும் கொடுத்தார். தம் நினைவாக இதைச் செய்யச் சொன்னார். பூசையில் நடப்பது அதுதான் என்றா. “அப்ப அது நினைவுச் சாப்பாடுதானே?” என்றேன். “இல்லை. வெறும் நினைவு எண்டு நாங்கள் சொல்றேல்லை. அவர் அதிலை வந்திருக்கிறார் எண்டு நம்புறம். நீங்கள் கும்பத்துத் தண்ணியிலை சாமி வந்திருக்கிறார் எண்டு நம்புறியள்தானே?”

இந்தப் பழி அச்சுவேலியில் பிறந்ததல்ல. கிறிஸ்தவம் தொடங்கிய முதல் நூற்றாண்டுகளில் உரோமைப் பேரரசிலே, இவர்கள் ஒளித்திருந்து மனித இறைச்சி தின்கிறார்கள் என்ற கதை பரவியிருந்தது. தெர்த்துலியன் என்ற ஆபிரிக்கக் கிறிஸ்தவ அறிஞர் அதற்கு மறுமொழியாக நூலே எழுத வேண்டியிருந்தது. பூட்டிய கதவுக்குள் ‘உடல்’, ‘இரத்தம்’ என்ற சொற்கள் வெளியே நின்றவர்களின் காதில் விழுந்தன. மிச்சத்தை அவர்களே இட்டுக்கட்டிக் கொண்டார்கள்.

இனி எங்கள் கல்லின் கதை. சைவர் கல்லைக் கும்பிடுகிறார்கள் என்கிறவர்களுக்கு நான் ஒரு விடயத்தைத்தான் சொல்வது வழக்கம். எந்தக் கோயிலிலாவது திருத்த வேலை தொடங்கும்போது போய்ப் பாருங்கள். வேலைக்கு முன்னரே மூலஸ்தானத்து மூர்த்தியின் சக்தியைக் கும்பத்தில் ஆவாகனம் செய்து, வேறொரு சிறிய இடத்தில் பாலஸ்தாபனம் பண்ணிவிடுவார்கள். பூசை அங்கேதான் நடக்கும். பிறகு வேலையாட்கள் கருவறைக்குள் ஏறி இறங்குவார்கள். அந்தக் காலம் முழுதும் அங்கே நிற்பது வெறுங் கல். வேலை முடிந்து கும்பாபிஷேகத்தன்று மந்திர நீர் சொரிந்த பிறகே அது திரும்பவும் சாமி. கல்லைத்தான் கடவுள் என்று எண்ணியிருந்தால் இந்தப் பாடு எதற்கு? இதைச் சொன்னபோது அக்கா வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தா. ஐம்பது வருசமாகக் கோயிலுக்கு முன்னால் போய்வருகிறவ, ஒருத்தரும் தனக்கு இதைச் சொல்லவில்லை என்றா.

அவவுக்கும் இதே வழக்கு இருக்கிறது. சுரூபங்களைக் கும்பிடுகிறார்கள் என்று புரட்டஸ்தாந்தர் கத்தோலிக்கரைக் குறை சொல்வது பழைய கதை. ஆராதனை கடவுளுக்கு மாத்திரம், அர்ச்சியசிட்டவர்களுக்கு வணக்கம், அந்த வணக்கமும் சுரூபத்துக்கு அல்ல அதில் காட்டப்படுகிற ஆளுக்கு என்று கி.பி. 787இல் நிசேயாவில் கூடிய சங்கம் தீர்த்துச் சொல்லி ஆயிரத்திருநூறு ஆண்டுகள் கடந்துவிட்டன. சண்டை இன்னும் முடியவில்லை.

எமது மண்ணில் இந்தச் சண்டை அச்சிலேறியது 19ஆம் நூற்றாண்டில். மிஷனரிமார் சைவத்தைத் தாக்கித் துண்டுப் பிரசுரம் வெளியிட, சைவர்கள் கண்டனம் எழுத, இரு பக்கமும் வசையும் பகிடியும் தாராளமாக இருந்தன. அதில் என் மனதில் நிற்பது ஆறுமுக நாவலரின் விடயம். 1822இல் நல்லூரில் பிறந்த நாவலர், வெஸ்லியன் மிஷன் பாடசாலையில் படித்து, அங்கேயே படிப்பித்து, பேர்சிவல் பாதிரியாருக்குத் துணையாக நின்று விவிலியத்தைத் தமிழாக்கினார். பின்னர் மிஷன் வேலையை விட்டு, 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப் பாடசாலை தொடங்கினார். 1854இல் அவர் வெளியிட்ட சைவ தூஷண பரிகாரத்தில், விளக்கு, தூபம், நைவேத்தியம், திருமுழுக்கு என்று எங்கள் கோயிலில் நடப்பவற்றைக் குறை சொல்கிறவர்களுக்கு, உங்கள் பழைய ஏற்பாட்டு ஆலயத்தில் நடந்தவையும் இவைபோன்றவைதாமே என்று இடம் காட்டி வாதாடினார். அதைச் செய்ய அவரால் முடிந்தது, அந்த வேதத்தைச் சொல்லுக்குச் சொல் படித்திருந்தபடியால். எதிர்த்துப் பேசுவதற்குக் கூட அவர் படித்துவிட்டுப் பேசினார். எங்கள் ஒழுங்கையில் ‘வேதக்காரர்’ பற்றித் தீர்ப்புச் சொல்கிறவர்களில் எத்தனை பேர் அந்தப் புத்தகத்தைத் திறந்திருக்கிறோம்? எங்களுக்குப் ‘பேய்’ பட்டம் சூட்டுகிறவர்களில் எத்தனை பேர் ஒரு தேவாரத்தின் பொருளைக் கேட்டிருக்கிறார்கள்?

ஆயினும் நாவலரை முழுக்கப் புகழ்ந்துவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. சொந்த வீட்டுக்குள்ளேயே அவர் விளங்கிக்கொள்ளாத சாமி ஒன்று இருந்தது. கண்ணகி சமணக் குடியில் வந்த செட்டிப் பெண், அவளைச் சைவர் வழிபடக்கூடாது என்பது அவருடைய கொள்கை. அதன் செல்வாக்கினாலும் காலப்போக்கிலும் யாழ்ப்பாணத்தில் பல கண்ணகை அம்மன் கோயில்கள் ராஜராஜேஸ்வரி என்றும் வேறு பெயர்களாலும் மாறிவிட்டன. ஆகமப்படி அது சரியாக இருக்கலாம். நான் சாத்திரம் படித்தவள் அல்லள். ஆனால் கண்ணகி யார்? குற்றமில்லாத புருசனைக் கொன்றுவிட்டார்கள் என்று கேட்டதும் மூலையில் குந்தாமல், தலைவிரி கோலமாக அரச வாசலுக்குப் போய் நியாயம் கேட்டவள். முல்லைத்தீவு வற்றாப்பளையில் வைகாசிப் பொங்கலுக்குக் கடல்நீரில் விளக்கெரித்து அவளைக் கும்பிடுகிற பெண்களுக்கு அவளுடைய சமயம் தேவைப்படவில்லை. சிங்களப் பெண்கள் பத்தினி தெய்யோ என்று அவளையே கும்பிடுகிறார்கள். பட்டியலோடு வீதியோரக் கொட்டிலில் குந்தியிருந்து பிள்ளைகளைத் தேடுகிற தாய்மாருக்கு, கண்ணகி ஏன் சாமியானாள் என்பதை எவரும் பாடம் எடுக்கத் தேவையில்லை.

அடுத்தது, அடக்கம் செய்வது. எமது பிள்ளைகளில் ஒரு தலைமுறை முஸ்லிம்களைக் காணாமலே வளர்ந்தது. 1990 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாண நகரத்தில் இருந்தவர்களுக்குக் கிடைத்தது இரண்டு மணித்தியாலம். அதற்கு முன் புடைவைப் பொட்டணி கட்டிய சைக்கிளில் வந்த நாநாவிடம் என் அம்மா கடனுக்குச் சேலை வாங்கியிருக்கிறா. என் மகளுக்கு முஸ்லிம் என்றால் தொலைக்காட்சியில் பார்த்ததுதான். 2019 ஏப்ரல் 21இல் தேவாலயங்களில் குண்டுகள் வெடித்தபின் கேட்கவும் வேண்டுமா?

கணவனை இழந்த பெண்களுக்காக யாழ்ப்பாணத்தில் நடந்த ஒரு கூட்டத்தில், மீளக் குடியேறிய ஒரு முஸ்லிம் சகோதரியின் பக்கத்தில் இருந்தேன். அறைக்குள் பூட்டி வைக்கிற கதையை அவவிடம் கேட்டேன். இத்தா என்பது நாலு மாதமும் பத்து நாளும் என்று சொன்னா. கர்ப்பிணியாக இருந்தால் பிள்ளை பிறக்கும்வரை. அந்தக் காலத்தில் அலங்காரமில்லை, தேவையில்லாமல் வெளியே போவதில்லை, மறுமணப் பேச்சு இல்லை. முடிந்தால் முடிந்ததுதான், பிறகு நிறச் சேலை உடுக்கலாம், விருப்பமானால் கலியாணமும் செய்யலாம், மார்க்கத்தில் தடையில்லை. பிறகு என்னைப் பார்த்துக் கேட்டா: “உங்கட ஆக்களுக்கு இது எப்ப முடியும்?” கூட்டத்தில் இருந்த சைவப் பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். இத்தாவிலும் கஷ்டம் உண்டு, வேலைக்குப் போய்ப் பிள்ளைகளைப் பார்க்கிறவளுக்கு நாலு மாதம் சின்னக் காலமல்ல என்று அவவே சொன்னா. ஆனால் எங்கள் வெள்ளைச் சேலைக்குக் கணக்கு இல்லை.

2020இல் கொரோனா வந்தபோது, அந்த நோயால் இறந்தவர்கள் எல்லோரையும் எரிக்கவேண்டும் என்று அரசாங்கம் வர்த்தமானி வெளியிட்டது. புதைக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தும் முஸ்லிம்களின் உடல்களை எரித்தார்கள். டிசம்பரில் பிறந்து 20 நாளான குழந்தை ஒன்றையும் எரித்தார்கள். அந்த நாட்களில் எங்கள் பக்கத்தில் “செத்த பிறகு எரிச்சால் என்ன, தாட்டால் என்ன” என்று சர்வசாதாரணமாகச் சொன்னவர்களைக் கேட்டேன். எனக்கு வயிறு எரிந்தது. சைவர்கள் எரிப்பவர்கள்தாம். ஆனால் இயக்கத்துக்குப் போய் இறந்த பிள்ளைகளை இயக்கம் எரிக்கவில்லை, புதைத்தது; விதைப்பது என்றார்கள். எரித்துப் பழகிய சைவத் தாய்மார் கோப்பாய்த் துயிலுமில்லத்தில் கல்லறையைக் கட்டிப் பிடித்து அழுதார்கள். பிறகு அந்தக் கல்லறைகள் இடிக்கப்பட்டன. மறுபடி கட்டினார்கள், மறுபடியும் இடிக்கப்பட்டன. 2011இல் அந்த நிலத்தில் இராணுவத்தின் 51ஆவது படைப்பிரிவின் தலைமையகம் திறக்கப்பட்டது. விளக்கு வைக்க ஒரு பிடி மண் இல்லாமற்போன வருத்தம் எப்படிப்பட்டது என்று அந்தத் தாய்மாரைக் கேளுங்கள். எரித்தால் என்ன, தாட்டால் என்ன என்று சொல்லமாட்டார்கள். முஸ்லிம்களின் உடல்களைப் புதைக்க 2021 பெப்ரவரியில்தான் அனுமதி வந்தது. மட்டக்களப்பில் ஓட்டமாவடியில் அடக்கம் செய்தார்கள். எரித்ததற்கு மன்னிப்புக் கேட்க 2024 யூலையில் அமைச்சரவை முடிவெடுத்தது. அதற்குள் சாம்பல் என்ன, தாய் என்ன ஆகியிருப்பார்கள்?

தூரத்து விடயங்களில் நீதி பேசுவது சுலபம். எங்கள் ஒழுங்கையிலேயே நடந்ததைச் சொல்கிறேன்.

என் வீட்டிலிருந்து நாலாவது வளவில் இருப்பவ என்னைவிடப் பத்து வயது இளையவ. 2009இல் முள்ளிவாய்க்காலில் கணவனையும் சின்ன மகளையும் பறிகொடுத்து, செட்டிகுளம் முகாமில் இருந்து, அடுத்த ஆண்டு தாயிடம் வந்து சேர்ந்தா. வந்து இரண்டாம் வருடம் ஒரு சபையில் சேர்ந்தா. பொட்டையும் தோட்டையும் கழற்றினா, கோயில் வாசலை மிதிப்பதில்லை, படைத்த உணவு சாப்பிடுவதில்லை. “அங்கர் பெட்டிக்குச் சமயம் மாறினவ” என்று ஊர் பெயர் வைத்தது. பால்மா கொடுத்தது உண்மை; சபை கொடுத்தது, தொண்டு நிறுவனங்களும் கொடுத்தன, கோயில்களும் அன்னதானம் கொடுத்தன. வாங்கியவர்கள் எல்லோரும் சமயம் மாறவில்லை. அவவைக் கேட்டபோது சொன்ன காரணம் வேறு. “மருமகளின்ரை சாமத்தியச் சடங்கிலை ஆரத்தித் தட்டைத் தூக்கப் போக, ‘நீ தள்ளி நில் பிள்ளை’ எண்டினம். அந்தக் கிழமை கூட்டாளி ஒருத்தி சபைக்குக் கூட்டிக்கொண்டு போனவள். அங்கை ஒராள் எழும்பி, ‘அக்கா, இண்டைக்கு நீங்கள் முதல் செபம் சொல்லுங்கோ’ எண்டார். அவ்வளவுதான்.” நாங்கள் தள்ளி நிற்கச் சொன்ன இடத்திலிருந்து அவ நடந்து போயிருக்கிறா. போன பிறகு ஏன் போனாய் என்று கேட்கிறோம்.

யாழ்ப்பாணத்தாருக்குச் சமயம் மாறுகிற கதை புதிதா என்ன? ஒல்லாந்தர் காலத்தில் உத்தியோகத்துக்கும் கலியாணப் பதிவுக்கும் ஞானஸ்நானம் தேவைப்பட்டது. பகலில் அவர்களுடைய கோயிலில் பெயர் கொடுத்து, விரதச் சோறு உண்ட வாழையிலையை ஆட்கள் காணாமல் கூரை இறப்பில் செருகி வைத்தார்கள் எங்கள் முன்னோர் என்று கிழவிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். அவர்களைப் பொய்யர் என்று நாம் சொல்வதில்லை, பாவம் என்கிறோம்.

சபைகளில் குறை இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கிறவளிடம் வந்து “உன் சாமி உன்னைக் காப்பாற்றவில்லை” என்று சொல்வது பிரசங்கம் அல்ல, கொடுமை. அதே போல, செபம் நடக்கிற கொட்டிலுக்குக் கல்லெறிவதும் சைவம் அல்ல.

அவ ஏன் படைத்ததை உண்பதில்லை என்பதையும் கேட்டேன். கொரிந்தியருக்குப் பவுல் எழுதிய முதலாம் நிருபத்தில் எட்டாம், பத்தாம் அதிகாரங்களைக் காட்டினா. வாங்கி வந்து இரண்டு இரவு இருந்து வாசித்தேன். கொரிந்து பட்டணத்தில் கோயில்களில் பலியிட்ட இறைச்சி சந்தைக்கு வரும். அதைத் தின்னலாமா கூடாதா என்பது அங்கிருந்த கிறிஸ்தவர்களின் கேள்வி. உணவு ஒருவரைக் கடவுளுக்குக் கிட்டவோ தூரவோ கொண்டுபோகாது என்றே பவுல் சொல்கிறார்; ஆனால் மனவுறுதி குறைந்த இன்னொருவர் அதைக் கண்டு தடுமாறுவார் என்றால் தவிர்த்துவிடு என்கிறார். அடுத்த அதிகாரங்களில் கடுமையாகவும் எழுதுகிறார். அவவுடைய சபை அந்தக் கடுமையைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, முதலிற் சொன்னதை அவ்வளவாகப் பேசுவதில்லை என்று எனக்குத் தோன்றியது. அவவிடம் சொல்லியும் விட்டேன். யோசித்துப் பார்க்கிறேன் என்றா. எப்படியிருந்தாலும், நாங்கள் கொடுத்த மோதகத்தை அவ மறுத்தது எங்கள் கை சுத்தமில்லை என்பதற்காக அல்ல. ஊர் அப்படித்தான் நினைத்திருந்தது.

இரண்டு வருடத்துக்கு முன் அவவின் தாய் காலமானா. கடைசிவரை சைவமாக வாழ்ந்த மனுசி. சைவ முறைப்படிதான் எல்லாம் நடந்தது. மகள் அதைத் தடுக்கவில்லை, செலவும் கொடுத்தா. குருக்கள் வருமுன் தாயைத் தானே குளிப்பாட்டிச் சேலை உடுத்திவிட்டா. சுண்ணம் இடித்து வாய்க்கரிசி போடுகிற நேரம் வந்தபோது எழும்பிப் போய்க் கிணற்றடியில் நின்றா. தாயை மதிக்காமல் அல்ல, தன் நம்பிக்கைக்கு மாறான ஒன்றைத் தாய்க்கு முன்னால் பொய்யாகச் செய்ய அவவால் முடியவில்லை. முன்வீட்டு அக்கா போய்ப் பக்கத்தில் நின்றா. பந்தலுக்குள் இருந்தவர்கள் சொன்னவற்றை இங்கே எழுத விரும்பவில்லை.

முப்பத்தொன்று முடிய மாதர் சங்கக் கூட்டம் வந்தது. அவ சங்கத்தின் பொருளாளர். பெற்ற தாய்க்கு வாய்க்கரிசி போடாதவள் சங்கத்துக் காசை எப்படிப் பொறுப்பாகப் பார்ப்பாள் என்று ஒருவர் எழும்பிக் கேட்டார். இரண்டு மூன்று பேர் தலையாட்டினார்கள். சங்கத்தில் எடுத்த சுழற்சிக் கடனில்தான் அவ கோழி வளர்க்கிறா. பதவி போனால் அடுத்த கடனும் போகும் என்பது எல்லோருக்கும் தெரியும். நான் செயலாளர். கணக்குப் புத்தகத்தை மேசையில் வைத்து, “கணக்கிலை எங்கை பிழை எண்டு காட்டுங்கோ” என்றேன். ஒருவரும் புத்தகத்தைத் தொடவில்லை. அப்போது பின்வரிசையிலிருந்து எங்கள் மூத்த அங்கத்தவர், எழுபத்தெட்டு வயது, நாள் தவறாமல் கோயிலுக்குப் போகிற ஆச்சி, கதிரையை விட்டு எழும்பாமலே சொன்னா:

“செத்த பிறகு போடுற அரிசியை எல்லாரும் பாத்தியள். பாரிசவாதத்திலை கிடந்தவளுக்கு ஏழு வருசமாய்த் தீத்தின சோத்தை ஆர் பாத்தனீங்கள்?”

கையுயர்த்தியபோது அவ பொருளாளராக நீடிக்கப் பெரும்பான்மை இருந்தது. இருவர் கையை உயர்த்தவே இல்லை. கேள்வி கேட்டவர் சங்கத்தை விட்டுப் போனார். போய் இரண்டு முறை கேட்டும் திரும்பி வரவில்லை. அவரும் தன் மகனைப் பறிகொடுத்து, முறைப்படி எல்லாம் செய்து முடித்த தாய். தான் இவ்வளவு கவனமாகச் செய்ததை இன்னொருத்தி வேண்டாமென்று விட்டுவிட்டாளே என்ற நோவு அந்தக் கேள்வியில் இருந்தது என்று இப்போது எனக்குப் படுகிறது. அவரையும் போய்க் கேட்க வேண்டியிருக்கிறது.

மிச்சம் இருந்தது சங்கத்துத் தைப்பொங்கல். சூரியனுக்குப் படைக்கிறபடியால் பொருளாளர் அன்றைக்கு மட்டும் வருவதில்லை. படைக்குமுன் ஒரு கோப்பையில் எடுத்துவைக்கலாம் என்று ஒரு பிள்ளை சொன்னாள். படையலுக்கு முன் எடுத்தால் அது எச்சில், சைவப் பக்கத்தால் ஆகாது என்று ஆச்சி மறித்தா. நியாயந்தான். ஆகவே அடுத்த கல்லடுப்பில் இன்னொரு பானை வைத்தோம். அதே அரிசி, அதே பயறு, படைப்பதில்லை. பெரிய பானைக்குச் சர்க்கரை போட்டு முடியச் சின்னப் பானைக்குக் காணாமற் போய்விட்டது. உப்புப் போட்டு இறக்கினோம். பொருளாளர் வந்து பெரிய பானைக்கும் சேர்த்து விறகு தள்ளிவிட்டு, தன் பானையில் சாப்பிட்டா. இந்த வருடம் அந்தச் சின்னப் பானை பொருளாளருக்கே சரியாக மிஞ்சவில்லை. ஆச்சியும் இன்னும் நாலு பேரும் அதில் கை நீட்டியிருந்தார்கள். எல்லோருக்கும் சலரோகம்.